அரிய எழுத்துக்களும் அவற்றின் பெறுமதியும்



சென்ற குளிர்காலத்தில் எமது வகுப்பு மாணவர் சிலர் இடைவேளையின்போது ஸ்கிராபிள் என்னும் ஆங்கிலச் சொல்லாட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தனர். ஒரு சிறுவனின் கைக்குக் ‘கியூ’ என்னும் எழுத்து வந்து சேர்ந்தது. “இது பெரிய தலையிடி, சேர்” என்று அவன் முகம் சுளித்தான். பத்துப் புள்ளி பெறுமதியுள்ள எழுத்து எவ்வாறு தலையிடியாயிற்று? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

எழுத்துக்குப் பெறுமதி வந்த வரலாறு

இவ்வாட்டத்தை அமைத்தவர் அல்பிரட் மோஷர் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆவார். 1930களில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அவர், பத்திரிகைப் பக்கங்களை விரித்து வைத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகின்றது என்று எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த புள்ளியும் அருகி வரும் எழுத்துக்குக் கூடிய புள்ளியும் வழங்கினார். 1948 இல் ஜேம்ஸ் புரூனொட் என்பவர் இதற்கு ஸ்கிராபிள் என்ற பெயரைச் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

ஆங்கில ஆட்டத்தில் 100 துண்டுகள் உள்ளன. அவற்றுள் ‘ஈ’ எழுத்து 12 துண்டுகளில் வருகின்றது. அதன் பெறுமதி 1. ‘கியூ’, ‘இசட்’ ஆகியவை ஒவ்வொரு துண்டே, பெறுமதி 10. ‘ஜே’, ‘எக்ஸ்’ ஆகியவற்றுக்கு 8.

மாணவர்களே, இங்கு ஓர் உண்மையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 10 புள்ளி பெறும் அதே ‘இசட்’, ஜெர்மன் ஆட்டத்தில் 3 புள்ளியே பெறும். போலந்து மொழி ஆட்டத்தில் அதற்கு 1 புள்ளிதான். எழுத்தின் வடிவத்தில் பெறுமதி இல்லை. அது வாழும் மொழியே பெறுமதியைத் தீர்மானிக்கின்றது.

அரிய எழுத்தைக் கையாளும் முறை

முதலாவது, பெரிய சொல்லுக்காகக் காத்திருத்தல் ஆகாது. ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய எழுத்தின் பெறுமதி எமது கணக்கிலிருந்து கழிக்கப்படும். முதலில் முடித்தவர் கணக்கில் அது கூட்டப்படும். ஆகவே கையில் தங்கும் ‘கியூ’ இருபது புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கும்.

இரண்டாவது, சிறு சொற்களை மனத்தில் இருத்துங்கள். ‘எக்ஸ்’ எழுத்துக்கு முன் ‘ஏ’ வைத்தால் கோடரி, ‘ஓ’ வைத்தால் எருது. ‘கியூ’வுக்குப் பின் ‘ஐ’ வைத்தால், உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் கிடைக்கும். வட அமெரிக்கப் போட்டிச் சொற்பட்டியலில் 2006 இல் இச்சொல் இடம்பெற்றது.

மூன்றாவது, இடமறிந்து வைத்தல். எழுத்தின் பெறுமதியை மும்மடங்காக்கும் கட்டம் ஒன்றுக்கு இடப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் ‘ஏ’ இருக்கின்றது என்று கொள்வோம். அங்கே ‘எக்ஸ்’ எழுத்தை வைத்தால் 8 மூன்று மடங்காகி 24; ‘ஏ’யின் 1 சேர 25. குறுக்கும் நெடுக்குமாக இரு சொற்கள் அமைவதால் மொத்தம் 50. ஏழு துண்டுகளையும் ஒரே தடவையில் வைப்பவர் பெறும் மேலதிகப் புள்ளியும் 50 தான்! இங்கோ ஒரே எழுத்து அதனை ஈட்டித் தந்துவிட்டது.

நான்காவது, துணையெழுத்தைப் பேணுதல். ‘கியூ’ பெரும்பாலும் ‘யூ’வோடு சேர்ந்தே வரும். ஆதலால் கையிலுள்ள ‘யூ’வை வீணே செலவிடாதீர்கள்.

எம்மொழியில் அரிய எழுத்துக்கள்

இவற்றைக் கற்ற பின், தமிழுக்கும் இவ்வாறு ஓர் ஆட்டம் அமைக்கலாமே என்று பிள்ளைகள் கேட்டனர். பட்ஸ் செய்தவாறே நாமும் பாடநூற் பக்கங்களை எண்ணினோம். கடதாசி அட்டைகளை வெட்டினோம். மெய்யெழுத்து அட்டை எந்த உயிரையும் ஏற்கும் என்பது எமது விதி: ககர அட்டை ‘க்’ ஆகவும் ‘கா’ ஆகவும் ‘கி’ ஆகவும் நிற்கும். உயிரெழுத்து அட்டைகள் சொல்லின் முதலில் நிற்கும். ஆய்தத்துக்கும் ஔகாரத்துக்கும் 10, ஞகரத்துக்கு 8, ஙகரத்துக்கும் ழகரத்துக்கும் 5 என முடிவாயிற்று, எளியவற்றுக்கு 1.

ஙகரமே எல்லாவற்றிலும் அரியது என்று பிள்ளைகள் எண்ணியிருந்தனர். எண்ணிப் பார்த்தபோது மரங்கள், பழங்கள், குளங்கள் என்று பன்மைச் சொற்களில் அது மறைந்திருந்தது. ‘கியூ’வுக்கு ‘யூ’ போல, ஙகரத்துக்குத் துணை ககரம். பலகையில் ‘நீ’ இருந்தால் ங, க, ள என்னும் மூன்று அட்டைகளால் ‘நீங்கள்’ ஆக்கலாம். ‘நா’ இருந்தால் ‘நாங்கள்’ ஆக்கலாம்.

ஞகரத்துக்குத் துணை சகரம்: இஞ்சி, பஞ்சு, நெஞ்சு, ஊஞ்சல். ஞாயிறு, ஞாலம் எனச் சொல்லின் முதலிலும் அது வரும். ஆய்தம் குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் மட்டுமே நிற்கும்: அஃது, இஃது, எஃகு. ஔகாரத்துக்கு ஔவை, ஔடதம் என்பவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

ழகரம் சொல்லின் முதலில் வராது, இரட்டித்தும் வராது. நடுவிலும் ஈற்றிலும் அதற்கு இடந்தேடுங்கள்: மழை, ஏழு, யாழ், புகழ், தமிழ். எம்மவரிற் பலர் பேச்சில் ழகரத்தை ளகரமாக ஒலிப்பதால் பிள்ளைகளும் அவ்வாறே எழுதிவிடுகின்றனர். அட்டை ஆட்டத்தில் அது செல்லாது. வாழை மரம், வாளை மீன்!

ஒரு சொல்லின் கதை

ஒரு நாள், முன்பு தலையிடி என்று சொன்ன அதே சிறுவனுக்கு ஙகர அட்டை இரண்டும் சேர்ந்து வந்தன. ககரம் ஒன்றேனும் இல்லை. இ, ன, ம ஆகியவை இருந்தன. அட்டைகளை மாற்றித் தரும்படி கேட்டான். மாற்றினால் ஒரு முறை ஆட்டம் இழக்க நேரும். “கடிதத்தின் முடிவில், கையொப்பத்துக்கு மேல் என்ன எழுதுவோம்?” என்று கேட்டோம். வகுப்பே மௌனமாயிற்று. தமிழிற் கடிதம் எழுதியவரோ பெற்றவரோ அங்கு ஒருவரும் இலர்.

‘இங்ஙனம்’ என்று கரும்பலகையில் எழுதினோம். ஙகரம் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் சொல். 13 புள்ளிகள்.

மறுவாரம் அச்சிறுவன் பழுத்துப்போன தாளொன்றைக் கொண்டுவந்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின், அவனுடைய அம்மப்பா வன்னியிலிருந்து எழுதிய கடிதம் அது. அதே இடப்பெயர்வில் புத்தகப் பையோடு நடந்த பள்ளிப்பிள்ளைகளுள் நாமும் ஒருவர் ஆதலால், அதனைக் கையில் வாங்கியபோது எமக்கு உடனே பேச இயலவில்லை. கடிதத்தின் அடியில் ‘இங்ஙனம், அன்புள்ள அப்பா’ என்றிருந்தது. “இந்தச் சொல்லை மட்டும் உடனே வாசித்துவிட்டேன், சேர். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் வருகிறது” என்றான். தாயோடு அமர்ந்து இரண்டு மாலைப் பொழுதுகளில் முழுவதையும் வாசித்து முடித்தான். அம்மப்பாவை அவன் கண்டதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பெட்டிகளிலும் இத்தகைய கடிதங்கள் இருக்கக்கூடும். அவற்றை வாசிக்கும் கண்கள் அடுத்த தலைமுறையிலும் இருத்தல் வேண்டும். கடினம் என்று ஒதுக்கப்படும் எழுத்துக்களையும் பிள்ளைகள் கைவிடாது பழகினால் அது கைகூடும்.

பயிற்சி

1. ங், ஞ் ஆகிய எழுத்துக்கள் வரும் சொற்கள் பத்துப் பத்தாக எழுதுக.
2. ழகரத்தில் முடியும் சொற்கள் ஐந்து தருக.
3. ஆய்தம் வரும் சொற்கள் மூன்றினை வாக்கியத்தில் அமைக்க.
4. உங்கள் பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக. முடிவில் ‘இங்ஙனம்’ என்று எழுதிக் கையொப்பமிட மறவாதீர்கள்.