கிளியின் கூமுட்டையும் நம் கடமையும்



திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கிளி புதிய பறவை அன்று. அருணாசலேசுவரர் கோயிலில் கிளி கோபுரம் என்றே ஒரு கோபுரம் உண்டு. அருணகிரிநாதர் கிளி உருவில் அங்கே தங்கினார் என்பது நம் ஊர் வழக்கு. ரமணாசிரமத்திலோ லட்சுமி என்னும் பசுவுக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதிகள் உள்ளன. வாயில்லாச் சீவன்களை இவ்வளவு மதிக்கும் ஊரில், வீட்டுக் கிளியை அறியாமையால் வருத்தலாமா? நான் வருத்திவிட்டேன். அதிலிருந்து கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எங்கள் வீட்டில் இருப்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கொண்டைக்கிளி. கடைக்காரர்கள் இதைக் காக்டெய்ல் என்பார்கள்.

எங்கள் கிளிக்குச் சேவல் துணை கிடையாது. ஆயினும் ஒரு நாள் காலையில் கூண்டின் தரையில் வெள்ளை முட்டை ஒன்று கிடந்தது. நான் வியந்து நின்றேன். கோழி வளர்த்துப் பழகிய என் பாட்டி, "இது கூமுட்டைதான், குஞ்சு பொரிக்காது, எடுத்துப் போடு" என்றார். பாட்டி சொன்ன முதற்பகுதி முற்றிலும் உண்மை. பெட்டைப் பறவை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. முட்டையில் கரு உண்டாவதற்கே சேவல் தேவை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வரும் முட்டைகளும் சேவலோடு சேராத கோழிகள் இட்டவைதாம்.

பிழை நேர்ந்தது இரண்டாம் பகுதியில்தான். முட்டையை எடுத்துப் போட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேறொரு முட்டை வந்தது. அதையும் எடுத்தேன். கூண்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமையும் கொண்டேன். இப்படி ஒன்பது முட்டைகள் ஆயின. ஒன்பதாவது முட்டையின் ஓடு தோல்போல் மெதுவாக இருந்தது. கிளி இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கம்பில் ஏற வலுவின்றித் தரையில் சுருண்டு கிடந்தது. பயந்துபோய்க் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "முட்டைகளை யார் எடுத்தது?" என்பதே.

அவர் விளக்கியது இதுதான். கொண்டைக்கிளி ஒரு தடவைக்கு நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடும். போதிய முட்டைகள் சேர்ந்ததும், இடுவதை நிறுத்திவிட்டு அடைகாக்கத் தொடங்கும். முட்டைகளை நாம் எடுத்துக்கொண்டே இருந்தால், இழந்ததை ஈடுசெய்ய அது மேலும் மேலும் இடும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உணவில் அது போதாவிட்டால், பறவை தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். நூறு கிராம் எடைகூட இல்லாத அச்சிற்றுடல் எத்தனை முட்டைகளுக்குத்தான் ஈடுகொடுக்கும்?

இனி, கிளி கூமுட்டையிட்டால் நாம் செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

1. துணையின்றி வாழும் கிளியின் முட்டைகளை உடனே எடுக்கலாகாது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி குறித்து அங்கேயே விட்டுவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அடைகாத்தபின் கிளி தானாகவே சலித்து விலகும். அதன் பிறகு எடுக்கலாம்.

2. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் போதா. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிடலாம். கோழிமுட்டை ஓட்டை நன்கு கொதிக்கவைத்து, உலர்த்திப் பொடித்தும் வைக்கலாம். முருங்கைக்கீரையும் நல்லது. சுண்ணாம்புச் சத்து உடலில் சேர இளவெயில் தேவை. கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது.

3. கிளி அடையை விட்டு விலகியபின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். எங்கள் கூண்டு செங்கம் சாலையைப் பார்த்த சன்னலில் இருந்தது. பௌர்ணமி கிரிவலத்தின்போது அங்கே இரவு முழுவதும் விளக்குகள் எரியும். மற்ற நாள்களிலும் வீட்டு விளக்கு இரவு பத்து மணி வரை எரியும். நீண்ட வெளிச்சமும் குறையாத உணவும் கிடைத்தால், இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டதெனப் பறவையின் உடல் எண்ணிக்கொள்ளும். ஆகவே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் மட்டும் வெளிச்சம் கிடைக்குமாறு மெல்லிய பருத்தித் துணியால் மூடுகிறோம்.

4. கூண்டில் பெட்டி, கண்ணாடி, கந்தல் துணி முதலியன வேண்டா. பெட்டியைக் கூடாகவும், கண்ணாடியில் தெரியும் உருவைத் துணையாகவும் கிளி கருதிவிடும். முதுகைத் தடவிக் கொஞ்சுவதும் முட்டையிடத் தூண்டும். தலையை மட்டும் வருடினால் போதும்.

5. கிளி தரையில் சிலிர்த்து உட்கார்ந்து முக்கினாலும், வாலை மேலும் கீழுமாக ஆட்டி மூச்சுவிட்டாலும், கால் துவண்டாலும் முட்டை வயிற்றில் சிக்கியிருக்கக்கூடும். சில மணி நேரத் தாமதமும் உயிரைப் போக்கும். வயிற்றை அமுக்கவோ, எண்ணெய் ஊற்றவோ கூடாது. கதகதப்பாக வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எங்கள் கிளி மருத்துவத்தால் பிழைத்தது. சில மாதங்கள் கழித்து மீண்டும் முட்டையிட்டது. இம்முறை நாங்கள் தொடவில்லை. நான்கு முட்டைகளோடு நிறுத்திக்கொண்டது. பொரியாத அம்முட்டைகளைப் பொறுமையோடு காத்தது. "பாவம், வீணாக உட்கார்ந்திருக்கிறதே" என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. பாட்டிதான், "அதுவாக எழுந்து வரும், விடும்மா" என்றார். இருபதாம் நாள் அது தானாகவே எழுந்து கம்பில் ஏறி அமர்ந்து கத்தியது!

தோழியரே, பறவைகளைச் சகோதரர் என அழைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளை ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் நாள் கொண்டாடுகிறோம். அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். என் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் என் கையாலேயே என் கிளி சாகக் கிடந்தது. அன்போடு அறிவும் சேர வேண்டும். நம்மை நம்பிக் கூண்டில் வாழும் உயிரின் தேவையை அறிந்து காப்பதே நாம் இறைவனின் படைப்புக்குச் செய்யும் உண்மையான தொண்டாகும்.