வானிலை அறிக்கையை வாசிக்கும் முறை

நெல்லை நாட்டார்க்கு மழை இரு வழியாக வரும். ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்றால் பொதிகைமலை நனையும். ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றால் சமவெளி நனையும். பின்னது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் தோன்றும் காலமாகும். அக்காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையார் நாள்தோறும் வெளியிடும் குறுகியகால முன்னறிவிப்பு எல்லோர் செவியிலும் படுகின்றது. அடுத்த மூன்று நாட்களுக்குள் நிகழக்கூடியதைக் கூறுவது அது. ஆயினும் அதன் சொற்களுக்குரிய பொருளைச் சிலரே அறிவர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்தைச் சான்றாகக் கொண்டு அப்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, அறிக்கையில் வரும் மழைப் பெயர்கள் அளவுப் பெயர்கள். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5-உம் அதற்கு மேற்பட்டதும் அதிகனமழை. முன்னிரண்டிற்கும் மேல்வரம்பு உண்டு; மூன்றாவதற்கு இல்லை. 21 சென்டிமீட்டர் பெய்யினும் 90 பெய்யினும் அதன் பெயர் ஒன்றே.

இரண்டாவது, 'ஓரிரு இடங்களில்' என்னுஞ் சொல் பரப்பைக் குறிப்பதேயன்றி மழையின் சிறுமையைக் குறிப்பதன்று. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் பெய்யும் என்பதே அதன் கருத்து.

மூன்றாவது, நிறங்கள். மஞ்சள் 'கவனித்திரு' என்றும், ஆரஞ்சு 'ஆயத்தமாயிரு' என்றும், சிவப்பு 'செயற்படு' என்றும் கூறும்.

நான்காவது, மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிவடைவது. ஆதலின் 18-ஆம் தேதியின் மழை என்று பதிவாவது, 17-ஆம் தேதி காலைமுதல் பெய்ததேயாகும்.

இனி அந்நிகழ்ச்சியைக் காண்போம். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல்நாள். அடைமழைக் காலம் கழிந்தது என்று பலர் எண்ணியிருந்த வேளை. அன்று தென்மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மறுநாட் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69-உம், ஸ்ரீவைகுண்டத்தில் 62-உம் பெய்திருந்தன. காயல்பட்டினம் ஒரே நாளிற் பெற்றது, தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டிற் பெறும் சராசரி மழையினும் மிகுதி. இத்தனைக்கும் காரணம் பெயர் பெற்ற புயல் அன்று. குமரிக்கடற் பக்கத்தில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியே. புயலெனின் அஞ்சுவதும், சுழற்சியெனின் அசட்டை செய்வதும் தவறென்பது இதனால் விளங்கும். காற்றின் வேகம் வேறு, மழையின் அளவு வேறு.

தாமிரபரணியின் இயல்பையும் கருதல் வேண்டும். பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டரே. ஆதலின் வெள்ளம் விரைந்து வந்துவிடும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் தமக்கு மேற்புறத்தில் விழும் நீரையே தடுக்க வல்லன. அன்றோ, மலையைக் காட்டிலும் கடலோரத்தில் மழை மிகுந்தது. கீழ்நாட்டுக் குளங்கள் பல உடைந்தன. திருநெல்வேலிச் சந்திப்பைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பிரயாணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே தங்க நேர்ந்தது. உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

முன்னறிவிப்புப் போதியதாயிருந்ததா என்று பின்னர் மத்திய, மாநில அரசுகளிடையே வாதம் எழுந்தது. அவ்வாதத்தை நாம் தீர்க்கப் புகவில்லை. மாணவர்க்கு வேண்டுவது வேறொன்று. பெருமழை வரும் என்று கூறுதல் இக்கால விஞ்ஞானத்திற்குப் பெரும்பாலும் இயலும். இன்ன ஊரில் இத்துணை பெய்யும் என்று வரையறுத்தல் இன்னும் அரிது. அறிக்கை 20 சென்டிமீட்டருக்கு மேல் என்று கூறி நிற்குமிடத்தில், அதற்கு மேலும் வரக்கூடும் என்று உணர்ந்து மேட்டிடம் சேர்தல் நம் கடன்.

நம் மாணவரிற் பலர் குளத்தடியிலும் ஆற்றங்கரையிலும் உள்ள ஊர்களிலிருந்து வருவோர். சிவப்பு என்பது நாளை பார்ப்போம் என்பதன்று, இன்றே எழுக என்பது என்று தத்தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் அவர்கள் விளக்கிச் சொல்வாராக. கற்ற கல்வியால் ஒரு குடும்பமேனும் உரிய நேரத்தில் மேடேறுமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?