டேப்பா, ஸ்பேஸா?

கணினி ஆய்வகத்தில் நானும் என் தோழியும் போட்ட சண்டை உங்கள் எல்லாருக்கும் தெரியும். எதுக்குச் சண்டை என்றுதான் பலருக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

ஐந்து பாட மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி சொல்லும் நிரலை, பைத்தான் மொழியில் நோட்பேடில் பாதிப் பாதியாக எழுதினோம். பைத்தானில் ஒரு வரி எதற்குள் அடங்கும் என்பதை, வரியின் தொடக்கத்தில் விடும் இடம்தான் சொல்லும். அதற்குப் பெயர் உள்தள்ளல். நான் டேப் விசையைத் தட்டினேன். அவள் ஸ்பேஸ் பாரை நாலு தடவை தட்டினாள். ஒரே பகுதிக்குள் இரண்டும் கலந்ததால் 'டேப் எரர்' என்று நிரல் நின்றுவிட்டது. "உன்னாலதான்!" "இல்ல, உன்னாலதான்!" அப்படித்தான் ஆரம்பித்தது.

இந்தத் தகராறு பெரியவர்களுக்கும் உண்டு. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் முதலானோர் 2001இல் எழுதிய 'பெப் 8' என்ற விதித்தொகுப்பு நாலு இடைவெளி விடச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்களோ டேப்தான், அதுவும் எட்டு எழுத்து அகலம் என்கிறார்கள். கோ என்ற மொழியில், கூடவே வரும் ஒரு கருவி எல்லார் நிரலையும் ஒரே மாதிரி அடுக்கிவிடும். சண்டைக்கே வேலை இல்லை!

சரி என்று நானும் ஸ்பேஸுக்கு மாறினேன். மறுநாள் அவள் என் பாதியைப் பார்த்து, "சராசரி போடுற வரி உள்ள இருக்குடி, வெளிய தள்ளு" என்றாள். மறுபடியும் இடைவெளிப் பேச்சா என்று எனக்குக் கோபம். "நான் எழுதினாலே உனக்குப் பிடிக்காதே" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேச்சு இல்லை.

டீச்சரிடம் ஓட்டிக் காட்டினால், சராசரி ஐந்து தடவை வந்து விழுந்தது. அந்த வரி மடக்குக்குள்ளேயே இருந்ததால், ஒவ்வொரு பாடத்தைக் கூட்டும்போதும் ஓடியிருக்கிறது. அவள் சொன்னது அழகுக்காக இல்லை, பிழை! எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்துக்கே இப்படி ஒன்று நடந்தது. சி மொழியில் எழுதிய பாதுகாப்பு நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி இரண்டு தடவை வந்துவிட்டது. தள்ளி எழுதியிருந்ததால் இரண்டாவது வரியும் 'இஃப்'புக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் சி மொழி இடைவெளியைப் பார்க்காது, அடைப்புக்குறியைத்தான் பார்க்கும். அங்கே அது இல்லை. அதனால் இணையதளம் உண்மையானதா என்று பார்க்கும் முக்கியமான சோதனை தாண்டிப்போனது.

இப்போது என் நிரலைப் பார்த்தால் "தப்பு" என்று அவள் சொல்வதில்லை. "இந்த வரி ஏன் இங்க இருக்கு?" என்று கேட்கிறாள். பதில் சொல்லப்போனால் பாதி நேரம் பிழை எனக்கே தெரிந்துவிடுகிறது. மாறிகளுக்கு நான் ஏ, பி, சி என்று பெயர் வைப்பது மட்டும் அவளுக்கு ஆகவில்லை. பைத்தான் 3 தமிழ் எழுத்தையும் ஏற்கும், 'கணிதம்' என்றே வையேன் என்கிறாள். எனக்குத் தமிழில் டைப் பண்ண நேரமாகுதே! அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி