டி.வி.க்குப் பதில் என்ன?

கேள்வி: டி.வி.யை அணைத்தாலே என் 4 வயது மகன் அழுகிறான். என்ன செய்வது?
– வாசகி, தேனி

பதில்: 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆனால், அணைத்துவிட்டு ‘போய் விளையாடு’ என்றால் போதாது. கையில் பொருள் வேண்டும். நாற்காலிகளுக்கு நடுவே பழைய சேலையைக் கட்டுங்கள். அது வீடாகும், கப்பலாகும். இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்து, நூலை விறைப்பாகப் பிடித்துப் பேசுங்கள். குரல் அதிர்வாக மறுமுனைக்குப் போகும். ‘எப்படிம்மா கேக்குது?’ என்று அவனே கேட்பான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். முதல் நாட்களில் நீங்களும் ஏறி டிக்கெட் வாங்குங்கள். பிறகு மெல்ல விலகிவிடுங்கள். பஸ் எந்த ஊருக்குப் போகும் என்பதை அவனே முடிவு செய்யட்டும்.