மாதிரி வந்த வழி

அன்புள்ள தம்பிக்கு,

நெய்வேலியில் வளர்ந்த உனக்குப் பழுப்பு நிலக்கரியின் குணம் தெரியும். வெட்டியெடுத்தபோது அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். வெளியில் கிடந்தால் உலர்ந்து, விரிசல் விட்டு, உதிரும். ஆக்சிஜனை ஈர்த்துச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கவும் செய்யும். இதன் மேற்பரப்பை எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் ஒளியெலெக்ட்ரான் நிறமாலையியல்) கருவியில் ஆராயப் போகிறவன், மாதிரி எந்த வழியாகக் கருவிக்கு வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். வந்த வழியும் அளவீட்டில் சேர்ந்ததுதான்.

காய் சீக்பானுக்கு 1981-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த முறைதான் எக்ஸ்பிஎஸ். எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கொண்டு, மேலே உள்ள சுமார் 10 நானோமீட்டரை மட்டும் இது பார்க்கிறது. காற்று முதலில் கெடுப்பதும் அந்தப் படலத்தைத்தான். கரியில் கலந்திருக்கும் பைரைட் என்ற இரும்புக் கனிமத்தின் கந்தகம் 162, 163 எலெக்ட்ரான்வோல்ட் பிணைப்பாற்றல் அருகே தெரியும். காற்றும் ஈரமும் சேர்ந்து அதைச் சல்பேட் ஆக்கினால் 169-ஐ ஒட்டி இன்னொரு மேடு எழும். அந்தச் சல்பேட் மண்ணுக்கடியிலேயே இருந்ததா, பையில் வரும்போது உண்டானதா என்று கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது.

சில நொடி காற்றுப் பட்டால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார். டார் என்ற அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரே நொடியில் பரப்பு முழுவதும் ஓர் அடுக்கு மூடிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றோ 760 டார்; அங்கே சில நானோநொடி போதும். எல்லாப் பரப்பும் அத்தனை வேகமாக வினைபுரியாது என்பது உண்மையே. ஆனால் உன் மாதிரி எந்த வகை என்பது அளப்பதற்கு முன் தெரியாதே! கருவிக்குள் ஆர்கான் அயனிகளால் சுரண்டிவிடலாம் என்பது அடுத்த வாதம். சுரண்டினால், நீ பார்க்க வந்த படலமே போய்விடும். அதோடு அயனி மோதல் இரும்பு ஆக்சைடை வேதிமுறையில் ஒடுக்கும். கரியின் ஆக்சிஜன் தொகுதிகளைச் சிதைக்கும். ஒரு பொய்யை நீக்கி இன்னொன்றை வைத்ததாகத்தான் முடியும்.

ஆகவே ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸில் கட்டியை உடைத்துப் புதுமுகம் எடு. அங்கிருந்து மூடிய மாற்றுக்கலத்தில் வைத்து, திறக்காமலே கருவியின் நுழைவறையோடு இணை. பாக்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருந்தாலும் அது சுழியமல்ல. ஆனால் சிறிய மூடிய கலத்தில் அதன் மொத்த அளவு மிகக் குறைவு. அதையும் நம்பிக்கையில் விடாதே. புதிதாக வெட்டிய லித்தியத் துண்டொன்றை உடன் அனுப்பு. அதன் மேல் ஆக்சைடு தடித்திருந்தால் வழியில் கசிவு இருக்கிறது. ஈரக்கரி வெற்றிடத்தில் ஆவி கக்கும் என்பதால் உலர்த்தத்தான் வேண்டும். உலர்த்தலும் பரப்பை மாற்றும். எந்த வாயுவில், எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதி வை.

மாற்றுக்கலம் வாங்க எல்லா ஆய்வகத்துக்கும் வசதியில்லை என்பது நியாயமான மறுப்பு. அப்போது ஒரே கட்டியிலிருந்து இரண்டு துண்டு எடு. ஒன்றை முடிந்தவரை மூடிக் கொண்டுவா. மற்றதை வேண்டுமென்றே காற்றில் வை. இரண்டும் ஒரே நிறமாலையைத் தந்தால், காற்று உன் மாதிரியைத் தொடவில்லை அல்லது உன் மூடி காக்கவில்லை. எது என்று அறியும்வரை முடிவை வெளியிடாதே. வேறுபட்டால், அந்த வேறுபாட்டைப் படத்தோடு அறிக்கையில் சேர்.

அன்புடன்,
உன் அண்ணன்