நேற்றுக் காற்றை இன்று விற்காதீர்கள்: சமுதாய வானொலியில் ஒரு நாள்

சமுதாய வானொலியின் வீச்சு 10 முதல் 15 கிலோமீட்டர்தான். அரசு அனுமதிக்கும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். அந்த வட்டத்துக்குள் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே ரேஷன் கடை, ஒரே பஸ் ஸ்டாப். காலையில் தப்பாகச் சொன்னதற்குச் சாயங்காலம் டீக்கடையில் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கடலோர நிலையத்தில் நான் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலை முந்தின நாளின் வானிலைத் தாளை எடுத்து வாசித்துவிட்டேன். பத்து மணிக்கு ஈரக் கைலியோடு ஒரு பெரியவர் வந்தார். காற்று குறைவு என்று நம்பிப் போனவர், போட்ட வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு வெறும் படகோடு திரும்பியிருந்தார். சத்தம் போடவில்லை. "என்ன தம்பி, நேத்துக் காத்தை இன்னிக்கு வித்துட்டியே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று எழுத ஆரம்பித்த பட்டியல் இது. புதிதாக மைக் முன் உட்காரும் தம்பி தங்கைகளுக்காக, நிகழ்ச்சி வரிசைப்படியே தருகிறேன்.

காலை 6 மணி: கடலும் காற்றும்

செய்ய வேண்டியவை

- தாளில் உள்ள தேதியையும் வெளியான நேரத்தையும் முதலில் வாசியுங்கள். யார் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வானிலை ஆய்வு மையமா, ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனமா, மீன்வளத் துறையா?
- காற்றின் வேகம், அலையின் உயரம் இரண்டையும் இரண்டு தடவை சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும்போது பாதிப் பேர் அப்போதுதான் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.
- திசையை ஊர் வாயால் சொல்லுங்கள். 'வடக்கிலிருந்து' என்றதோடு 'வாடை' என்றும், 'தெற்கிலிருந்து' என்றதோடு 'சோழகம்' என்றும் சேருங்கள்.
- கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தினமும் சொல்லுங்கள். கேட்டுக் கேட்டு அலுக்கட்டும், பரவாயில்லை.

செய்யக்கூடாதவை

- புயல் கூண்டு எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அதிகாரபூர்வமாகச் சொன்னதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.
- "பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று சொந்தக் கணிப்பைச் சேர்க்காதீர்கள்.
- ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் அறிக்கையை நிறுத்திவிடாதீர்கள். கரையில் நிற்பது விசைப்படகுதான். நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும்.

காலை 8 மணி: அறிவிப்பும் விளம்பரமும்

இங்கேதான் சட்டம் குறுக்கே வரும். வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2004 பிப்ரவரி 1-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஆனாலும் சொந்தமாகச் செய்தி வாசிக்கும் உரிமை இன்றுவரை இல்லை.

செய்ய வேண்டியவை

- ஆகாசவாணிச் செய்தி வேண்டுமானால் அப்படியே அஞ்சல் செய்யுங்கள்.
- மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வெள்ள எச்சரிக்கை, உள்ளூர் விழா ஆகியவை செய்திக் கணக்கில் வராது. தாராளமாகச் சொல்லலாம்.
- "பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை" என்று முடிக்காமல் எந்தெந்தத் தெரு, எத்தனை மணிவரை என்று சொல்லுங்கள். இட்லிக்கு மாவு அரைக்க வேண்டியவருக்கு அதுதான் தேவை.

செய்யக்கூடாதவை

- பேப்பரை விரித்து வைத்து அரசியல் அலசாதீர்கள். ஒரு நாள் கைதட்டலுக்காக அனுமதியையே இழக்க நேரும்.
- ஆகாசவாணிச் செய்தியில் ஒரு வரியைக்கூட வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்.
- விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறி அப்படித்தான் சொல்கிறது. முந்தைய வரம்பு 7 நிமிடம்.

காலை 11 மணி: டாக்டர் நேரம்

செய்ய வேண்டியவை

- ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர் 'ரத்த அழுத்தம்' என்றால் நீங்கள் 'பிரஷர்' என்று எடுத்துக்கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

- தொலைபேசியில் கேட்டதை வைத்து மருந்தின் பெயர் சொல்ல விடாதீர்கள். "நேரில் வாங்க", அவசரமென்றால் "108-க்குக் கூப்பிடுங்க", அவ்வளவுதான்.
- நோயைச் சொல்லி ஒருவர் பேசும்போது பெயரும் தெருவும் கேட்காதீர்கள். 15 கிலோமீட்டருக்குள் 'பெயர் குறிப்பிட விரும்பாத நேயர்' என்று யாரும் இல்லை. குரலை வைத்தே பிடித்துவிடுவார்கள். கேள்வியை நீங்களே வாங்கி உங்கள் குரலில் கேளுங்கள்.

மதியம் 2 மணி: ஊர்ப் பாட்டு

சினிமாப் பாட்டுக்கு உரிமம் வேண்டும், பணம் வேண்டும். ஊர்ப் பாட்டுக்குப் பொறுமை இருந்தால் போதும். பாதி நிகழ்ச்சிகளாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. நாற்று நடவுப் பாட்டையும் வலை இழுக்கும் அம்பாப் பாட்டையும் விட உள்ளூர்த்தனமானது எது?

செய்ய வேண்டியவை

- பாடுபவரின் இடத்துக்கு நீங்கள் போங்கள். ஸ்டுடியோக் கண்ணாடிக்குள் உட்கார வைத்தால் பாட்டிக்குப் பாட்டே மறந்துபோகும்.
- பாட்டு தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா பதிவு செய்யுங்கள். அந்த இடத்தின் காற்றும் காக்கையும் அதில் இருக்கும். பின்னால் வெட்டி ஒட்டும்போது இடைவெளி தெரியாமல் மூட அதுதான் உதவும்.
- பாடியவரின் பெயரைச் சொல்லி ஒலிபரப்புங்கள். எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

- ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடப் பலரும் கூசுவார்கள். ஒரு முறை நாங்கள் நடுக்கூடத்தில் மைக்கை வைத்ததும் பாடகி அம்மா எழுந்துவிட்டார். "தோப்புப் பக்கம் வாங்க" என்று முன்னால் நடந்தார். புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் பாடினார்.
- பேச்சைத் திருத்தாதீர்கள். தெலங்கானாவில் 2008 முதல் இயங்கும் சங்கம் ரேடியோவில் தலித் பெண்கள் தங்கள் ஊர்த் தெலுங்கிலேயே பேசுகிறார்கள். பாம்பனின் கடல் ஓசை வானொலியில் மீனவர் பேச்சு மீனவர் பேச்சாகவே வருகிறது. நமக்கு மட்டும் எதற்கு மேடைத் தமிழ்?

மாலை 4 மணி: பிள்ளைகள் நேரம்

செய்ய வேண்டியவை

- மைக்கின் உயரத்தைப் பிள்ளையின் வாய்க்குத் தாழ்த்துங்கள். பெற்றோர் சம்மதத்தைத் தாளில் வாங்குங்கள்.
- குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகள் குரலிலேயே பதிவு செய்து தினமும் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

- மதிப்பெண் கேட்காதீர்கள். 'அப்பா என்ன வேலை?' என்றும் கேட்காதீர்கள்.

இரவு 7 மணி: நேயர் அழைப்பு

செய்ய வேண்டியவை

- பேரும் ஊரும் போதும். வயது தெரியாவிட்டால் 'சொல்லுங்க' என்று மரியாதையோடு தொடங்குங்கள். அக்காவா, பெரியம்மாவா என்று குரல் காட்டிக்கொடுத்த பிறகு முறை வைத்துக் கூப்பிடலாம்.
- அடுத்த பாட்டை எப்போதும் தயாராக வைத்திருங்கள். யாராவது ஏசத் தொடங்கினால் அழைப்பின் ஒலியைக் கீழே இறக்குங்கள், பாட்டை மேலே ஏற்றுங்கள்.

செய்யக்கூடாதவை

- சாதி தெரியும்படி தெருப் பெயரைக் கிண்டாதீர்கள்.
- பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து செய்யாதீர்கள். எதிர்த் தரப்பும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

எந்த நேரமும்: மைக் முன்

- வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 'பாம்பு', 'பப்பாளி' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' வெடித்தால் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்.
- மின்விசிறியை நிறுத்துங்கள், வளையலைக் கழற்றுங்கள், செல்போனை வெளியே வையுங்கள்.
- "அன்பார்ந்த நேயர் பெருமக்களே" வேண்டாம். ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள். மீன் ஆய்ந்துகொண்டோ வலை பின்னிக்கொண்டோ அந்த ஒருவர் நிச்சயம் இருக்கிறார்.

இரவு 9 மணி: மூடும்போது

- அன்று சொன்னதில் பிழை இருந்தால் மறுநாள் அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில் திருத்தம் சொல்லக் குறித்து வையுங்கள். காலையில் செய்த தப்புக்கு ராத்திரி மன்னிப்புக் கேட்டால் கேட்க வேண்டியவர் தூங்கியிருப்பார்.
- ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். கோப்புக்குத் தேதி போட்டுச் சேமியுங்கள்.
- விளக்கை அணைப்பதற்கு முன் மேசைமேல் இருக்கும் இன்றைய வானிலைத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மடித்து வைக்காதீர்கள், கிழித்தே போடுங்கள்.