எம்பி3 பாட்டு கரகரக்கிறதா?

தவில் தீர்மானம் வைக்கும் இடத்தில் மட்டும் சத்தம் பிசிறடித்தால், உடனே ஸ்பீக்கரை மாற்ற ஓடாதீர்கள். 16 பிட் ஒலியில் அலையின் உயரம் −32768 முதல் 32767 வரைதான் போகலாம். எம்பி3 ஆகச் சுருக்கி விரிக்கும்போது அலையின் வடிவம் சற்று மாறி, சில முகடுகள் இந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிய பகுதி வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு.

1. ஈக்வலைசரை முதலில் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்த ஒலியின் அலை உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எவ்வளவு ஏற்றினீர்களோ, அவ்வளவு ப்ரீஆம்ப்பை இறக்குங்கள்.

2. விஎல்சி-யில் வால்யூம் 100 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சத்தம் போதாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள்.

3. ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து, வியூ மெனுவில் 'ஷோ கிளிப்பிங்' கொடுத்தால் எல்லையைத் தொட்ட இடங்களில் சிவப்புக் கோடு விழும்.

4. பென்டிரைவ் செருகும் பழைய செட்டுகள் பலவற்றில் வெட்டு விழுந்த பிறகுதான் வால்யூம் வேலை செய்யும். அங்கே குறைத்தால் கரகரப்பு மெதுவாகக் கேட்கும், போகாது. இதற்கு எம்பி3கெய்ன் என்ற இலவச மென்பொருள் நல்ல மருந்து. பாட்டை மறுபடி சுருக்காமல், கோப்புக்குள் இருக்கும் ஒலி அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபெல் படிகளாக மாற்றுகிறது. தரம் குறையாது, வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஒரே படத்தின் பாடல்களுக்கு ஆல்பம் முறையையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.

5. கணினியில் கேட்பவர்களுக்கு ஃபூபார்2000 போதும். அதில் ரீப்ளேகெய்ன் ஸ்கேன் செய்து, கிளிப்பிங் தடுக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். ஒலித் தரவில் கை வைக்காமல், குறிப்பை மட்டும் சேர்க்கும்.

6. சிடியிலிருந்து நீங்களே எம்பி3 எடுக்கிறீர்களா? ஒலியை 1 அல்லது 2 டெசிபெல் குறைத்துவிட்டுச் சுருக்குங்கள். பிட்ரேட் 256 கேபிபிஎஸ்-க்குக் கீழே வேண்டாம். இடம் இருந்தால் ஃப்ளாக் இன்னும் நல்லது. அதில் அலை அப்படியே திரும்பக் கிடைக்கும்.

7. ஒலிப்பதிவிலேயே வெட்டுப்பட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 2008-ல் வந்த மெட்டாலிக்கா இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் இதற்குப் பேர்போன உதாரணம்.

எம்பி3 எடுத்தாயிற்று என்று அசல் சிடியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சுருக்கும்போது கழிந்தது அதில் மட்டும்தான் இருக்கிறது.